கார்புரேட்டரா, இன்ஜெக்ஷனா: லான் மோவர் வாங்கும் முன் பெட்ரோல் கேனைப் பாருங்கள்

வசந்தத்தில் முதல் தடவை கயிற்றை இழுக்கும்போது கிளம்ப மறுக்கும், புல்வெட்டும் லான் மோவர்களில் பெரும்பாலானவற்றுக்கு எஞ்சினில் ஒரு குறையும் இருக்காது. போன அக்டோபரில் டேங்கில் அப்படியே விட்டுவைத்த பெட்ரோல்தான் கெட்டுப்போயிருக்கும். இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்துவிட்டால், எஞ்சினுக்குப் பெட்ரோல் கொடுப்பது கார்புரேட்டரா, ஃப்யூயல் இன்ஜெக்ஷனா என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும். பெட்ரோல் உங்கள் வண்டியில் எத்தனை நாள் தேங்கி நிற்கிறது, வருடத்துக்கு எத்தனை மணி நேரம் எஞ்சின் ஓடுகிறது என்ற இரண்டு கணக்கையும் போட்டுவிட்டுக் கடைக்குப் போவது நல்லது.

அமெரிக்கப் புறநகரில் வீடு வாங்கியவர்களை வைத்தே பேசுவோம், ஏனென்றால் இந்தத் தேர்வு உண்மையில் எதிரே வந்து நிற்பது அங்கேதான். கால் ஏக்கர், அரை ஏக்கர் புல்தரைக்கு நடந்தபடியே தள்ளும் 21 அங்குல மோவர் போதும். அதில் இருப்பது 150 முதல் 200 சிசி வரை உள்ள ஒற்றை சிலிண்டர் எஞ்சின். அந்த வகையில் கடையில் நிற்பவை ஏறக்குறைய எல்லாமே கார்புரேட்டர்தான், எனவே அங்கே யோசிக்க ஒன்றுமில்லை. ஒரு ஏக்கரைத் தாண்டி, உட்கார்ந்து ஓட்டும் டிராக்டரோ, நின்ற இடத்திலேயே திரும்பும் ஜீரோ-டர்னோ வாங்கப் போகும்போதுதான், 20 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட, இரட்டை சிலிண்டர் கொண்ட வி-ட்வின் எஞ்சின்களில், ஒரே வண்டி இரண்டு விலையில் இரண்டு விதமாக நிற்கும். கோலர், கவாசாகி, பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டனின் வேன்கார்ட் ஆகிய மூன்று எஞ்சின் பிராண்டுகளிலும் இரண்டு வகையும் உண்டு.

கார்புரேட்டரின் வேலை எளிமையானது. காற்று ஒரு குறுகிய கழுத்து வழியாகப் பாயும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. கீழே பவுல் எனும் சின்னக் கிண்ணத்தில் நிற்கும் பெட்ரோல் ஜெட் எனும் நுண்துளை வழியாக உறிஞ்சப்பட்டு மேலே வருகிறது. மெயின் ஜெட்டின் துளை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. குறைந்த வேகத்துக்கான பைலட் ஜெட் அதைவிடச் சின்னது, அரை மில்லிமீட்டர்கூட வராது. பெட்ரோல் ஆவியாகி மிஞ்சும் பிசின் முதலில் அடைப்பது இந்தச் சின்னத் துளையைத்தான்.

அடைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதைக் காதாலேயே கண்டுபிடிக்கலாம். எஞ்சின் கிளம்பும். ஆனால் ஒரே சீராக ஓடாமல் "வூம்... வூம்... வூம்" என்று ஏறி ஏறி இறங்கும். பைலட் ஜெட் அடைத்ததால் கலவையில் பெட்ரோல் குறைவு, வேகம் விழுகிறது. எஞ்சின் வேகத்தைக் காக்கும் கவர்னர் அதைப் பார்த்து, கலவை உள்ளே போகும் கதவான த்ராட்டிலைத் திறக்கிறது. திறந்ததும் மெயின் ஜெட் பெட்ரோல் கொடுக்கத் தொடங்க, வேகம் எகிறுகிறது. கவர்னர் உடனே மூடுகிறது. மறுபடியும் பட்டினி. கவர்னர் ஸ்பிரிங்கைப் பார்த்துக்கொண்டே நின்றால் அது முன்னும் பின்னும் ஆடுவது தெரியும். இந்த நேரத்தில் காற்று வழியை அடைக்கும் சோக்கைப் பாதி மூடிப் பாருங்கள். சத்தம் சீரானால் சந்தேகமே வேண்டாம், பெட்ரோல் போதவில்லை. அதற்குக் காரணம் அடைப்பு, இல்லையென்றால் கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் இடைவெளியை அடைக்கும் கேஸ்கெட் வழியாகக் காற்று உள்ளே கசிவது. கவர்னர் கெட்டுவிட்டது என்று நினைத்து ஸ்பிரிங்கை இழுத்து மாட்டுகிறவர்கள் நிறையப் பேர். அதைச் செய்யவே கூடாது. பிளேடின் நுனி பாதுகாப்பான வேகத்துக்குள் இருக்கிறதென்றால் அந்த ஸ்பிரிங்தான் காரணம்.

புது எஞ்சின்களில் இந்தத் தொல்லை பழையவற்றைவிட அதிகம் என்று சொல்வதில் நியாயம் இருக்கிறது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் மூன்றாம் கட்டப் புகை விதிகள் 225 சிசிக்கு மேற்பட்ட எஞ்சின்களுக்கு 2011-இலும், அதற்குக் குறைந்தவற்றுக்கு 2012-இலும் வந்தன. ஹைட்ரோகார்பனும் நைட்ரஜன் ஆக்சைடும் சேர்த்துக் கிலோவாட்-மணிக்கு முறையே 8 கிராம், 10 கிராம் என்பது வரம்பு. அதற்குள் அடங்க, தொழிற்சாலையிலேயே கலவையைப் பெட்ரோல் குறைவாக வைத்து, திருகும் ஸ்க்ரூவையும் மூடி அனுப்புகிறார்கள். ஏற்கெனவே விளிம்பில் ஓடும் எஞ்சினுக்குக் கொஞ்சம் பிசின் படிந்தாலே போதும்.

சுத்தம் செய்வது அரை மணி நேர வேலை. ஹோண்டா ஜிசிவி160 எஞ்சினை எடுத்துக்கொள்வோம். ஸ்பார்க் பிளக் ஒயரை முதலில் கழற்றி ஒதுக்கி வைக்க வேண்டும். பெட்ரோல் வால்வை மூடி, ஏர் ஃபில்டரை எடுத்து, பவுலுக்குக் கீழே ஒரு கிண்ணம் வைத்து, 10 மிமீ ஸ்பானரால் பவுல் போல்ட்டைக் கழற்றுங்கள். வருவதை உற்றுப் பாருங்கள். பவுலின் அடியில் வெள்ளை மாவு படிந்திருந்தால் பெட்ரோலில் தண்ணீர் சேர்ந்து உலோகத்தை அரித்திருக்கிறது. தேன் நிறத்தில் மெழுகு போல ஒட்டியிருந்தால் அது பழைய பெட்ரோலின் பிசின். தண்ணீர் குமிழிகளாகத் தனியே உருண்டால் குற்றவாளி டேங்க்தான், கார்புரேட்டரை மட்டும் துடைத்துப் பயனில்லை.

அடுத்து நடுத்தூணில் இருக்கும் மெயின் ஜெட். அதன் காடியில் சரியாகப் பொருந்தும் தட்டை ஸ்க்ரூட்ரைவர் வேண்டும், பித்தளை மென்மையானது, நுனி நழுவினால் காடி போய்விடும். ஜெட்டுக்கு மேலே இருக்கும் எமல்ஷன் ட்யூப் பக்கவாட்டில் துளைகள் உள்ள சின்னக் குழாய். அந்தத் துளைகளும் அடைத்திருக்கும், அதை மறந்துவிடுகிறார்கள். பைலட் ஜெட், ஐடில் ஸ்க்ரூவை எடுத்த பிறகு நெம்பி எடுக்கும் சின்னக் கறுப்பு பிளாஸ்டிக் துண்டு. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் துளையில் ஊசிமுனை அளவு ஒளி வட்டமாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் கார்ப் கிளீனர் அடித்து, மின்கம்பியிலிருந்து உருவிய ஒற்றைச் செம்பு இழையால் குத்துங்கள். எஃகுக் கம்பியும் ட்ரில் பிட்டும் துளையைப் பெரிதாக்கும், அப்புறம் அந்த ஜெட்டால் உபயோகம் இல்லை. கடைசியாக எல்லா வழிகளிலும் காற்றழுத்தம் கொடுத்து ஊதிவிட்டு, பவுல் ரப்பர் வளையம் உப்பியிருந்தால் புதிதாகப் போட்டு மூடுங்கள். பிளக்கையும் கையோடு பார்த்துவிடலாம்: இந்த எஞ்சினுக்கு என்ஜிகே பிபிஆர்6இஎஸ், இடைவெளி 0.7 முதல் 0.8 மிமீ.

வேலையின்போது மோவரைச் சாய்க்க நேர்ந்தால் ஏர் ஃபில்டர் இருக்கும் பக்கம் மேலே இருக்கட்டும். மாற்றிச் சாய்த்தால் எண்ணெய் கார்புரேட்டருக்குள்ளும் ஃபில்டருக்குள்ளும் இறங்கிவிடும்.

இன்னொரு பழுது சத்தமில்லாமல் வருவது. பவுலில் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் ஃப்ளோட் எனும் மிதவையின் ஊசி சரியாக உட்காராவிட்டால் டேங்க் முழுதும் இரவோடிரவாகச் சிலிண்டர் வழியே எண்ணெயில் இறங்கும். எண்ணெய்க் குச்சியை எடுத்துப் பார்க்கும்போது மட்டம் உயர்ந்து, பெட்ரோல் வாடை அடித்தால் எஞ்சினைக் கிளப்பவே வேண்டாம். நீர்த்துப்போன எண்ணெயில் ஓடினால் பேரிங் தேய்ந்துவிடும். வி-ட்வினில் சிலிண்டரில் திரவம் நிறைந்து கனெக்டிங் ராட் வளையவும் கூடும். ஊசியை மாற்றி, எண்ணெயை மாற்றி, டேங்க் குழாயில் ஒரு கைவால்வு போட்டு, ஒவ்வொரு தடவையும் வேலை முடிந்ததும் மூடிவிட்டால் இந்தக் கவலை தீர்ந்தது. பெரிய எஞ்சின்களில் பவுலுக்குக் கீழே, பெட்ரோலை மின்சாரத்தால் திறந்து மூடும் சாலனாய்டு ஒன்று இருக்கும். சாவியை ஆன் செய்தால் "டக்" என்று கேட்க வேண்டும். கேட்கவில்லையா, அடைப்பைத் தேடும் முன் அதன் ஒயரைப் பாருங்கள்.

இப்போது இன்ஜெக்ஷன். இங்கே ஜெட் கிடையாது, பவுல் கிடையாது, சோக்கும் கிடையாது. மின் பம்ப் பெட்ரோலை அழுத்தி அனுப்புகிறது. கோலரின் இஎஃப்ஐ (மின்னணு இன்ஜெக்ஷன்) எஞ்சின்களில் அது 39 பிஎஸ்ஐ, அதாவது ஏறத்தாழ 2.7 பார். எஞ்சின் வெப்பம், த்ராட்டில் நிலை, காற்றழுத்தம், கிராங்க் சுழலும் வேகம் இவற்றைப் பார்த்து ஈசியு எனும் சின்னக் கணினி, இன்ஜெக்டரை எத்தனை மில்லிவினாடி திறக்க வேண்டும் என்று முடிவு செய்கிறது. குளிர்ந்த காலையில் சாவியைத் திருப்பி இரண்டு மூன்று விநாடி பம்பின் முனகல் அடங்கும் வரை பொறுத்து, பிறகு ஸ்டார்ட் செய்தால் உடனே பிடித்துக்கொள்ளும். சோக்கைப் பாதி, முக்கால் என்று பழக்கப்படுத்த வேண்டியதில்லை, வீட்டில் யார் வேண்டுமானாலும் ஓட்டலாம்.

விற்பவர் சொல்லாத இரண்டு நுணுக்கங்கள் இதில் உண்டு. இன்ஜெக்ஷனிலும் இரண்டு வகை இருக்கிறது. சைலன்சருக்கு முன்னால் ஆக்சிஜன் சென்சார் வைத்து, எரிந்த புகையைப் பார்த்துக் கலவையைத் திருத்திக்கொள்வது க்ளோஸ்டு-லூப். சென்சார் இல்லாமல், தொழிற்சாலையில் எழுதிய அட்டவணைப்படி பெட்ரோல் ஊற்றுவது ஓபன்-லூப். எக்ஸாஸ்ட் குழாயில் ஸ்பார்க் பிளக் மாதிரி ஒயரோடு ஒன்று திருகியிருக்கிறதா என்று குனிந்து பார்த்தால் தெரிந்துவிடும். கூடுதல் பணம் கொடுப்பதென்றால் சென்சார் உள்ளதற்கே கொடுங்கள். அடுத்தது, அடர்ந்த புல்லில் நுழைந்தாலும் வேகம் விழாமல் பிடிப்பது எலக்ட்ரானிக் கவர்னரின் வேலை. பல இன்ஜெக்ஷன் எஞ்சின்களில் அதுவும் சேர்ந்தே வருவதால் பெயர் முழுதும் இன்ஜெக்ஷனுக்குப் போகிறது. வாங்கும் மாடலில் அது இருக்கிறதா என்று தனியாகக் கேளுங்கள்.

பணக் கணக்கைப் பார்ப்போம். ஒரே அளவுள்ள கார்புரேட்டர் எஞ்சினைவிட 25 சதவீதம் வரை பெட்ரோல் மிச்சம் என்பது கோலரின் விளம்பரக் கூற்று. அதை அப்படியே ஏற்றுக்கொண்டே கணக்குப் போடலாம். 25 குதிரைத்திறன் எஞ்சின் மணிக்கு 5 லிட்டர் குடிப்பதாக வையுங்கள். ஒன்றரை ஏக்கர் வீட்டுக்காரர் வாரம் ஒரு மணி நேரம், 28 வாரம் ஓட்டினால் 140 லிட்டர். கால் பங்கு மிச்சம் 35 லிட்டர், அதாவது 9 கேலன். கேலன் 3 டாலர் என்றால் வருடத்துக்கு 27 டாலர். இன்ஜெக்ஷனுக்கு 600 டாலர் கூடுதலாகக் கொடுத்திருந்தால் அது திரும்ப வர 22 வருடம் ஆகும். புல்வெட்டுவதையே தொழிலாகச் செய்பவர் வருடத்துக்கு 700 மணி நேரம் ஓட்டுவார். அவருக்கு மிச்சம் 875 லிட்டர், கிட்டத்தட்ட 690 டாலர். ஒரே பருவத்தில் போட்ட பணம் வந்துவிடும், அவர் யோசிக்கவே வேண்டாம். வீட்டுக்காரர் பெட்ரோல் மிச்சத்துக்காக இன்ஜெக்ஷன் வாங்குவதில் அர்த்தமில்லை. சுலபமாகக் கிளம்புகிறது, சீராக ஓடுகிறது என்பதற்காக வாங்கலாம், அது நியாயமான காரணம்.

பணத்தைத் தள்ளி வைத்துவிட்டு இன்ஜெக்ஷன் பக்கம் சாய வேண்டிய இடம் மலை. கடல்மட்டத்துக்கு அளவிட்ட ஜெட் 1,600 மீட்டர் உயரத்திலிருக்கும் டென்வரில் தேவைக்கு மேல் பெட்ரோல் ஊற்றும். பிளக் கறுக்கும், புகை வரும். அதற்கென்று சிறிய ஜெட் வாங்கிப் போட வேண்டும், பிறகு அதே வண்டியைச் சமவெளிக்குக் கொண்டுவந்தால் பட்டினி கிடந்து சூடேறும். இன்ஜெக்ஷன் தானே சரிசெய்துகொள்ளும். ஆனால் கலவையைத்தான் சரிசெய்யும், காற்றை உண்டாக்காது. ஒவ்வொரு 300 மீட்டருக்கும் சுமார் 3.5 சதவீதம் சக்தி குறைவது இரண்டுக்கும் பொது. மலையூரில் வாங்குபவர்கள் ஒரு படி பெரிய எஞ்சினாகவே எடுப்பது நல்லது.

"இன்ஜெக்ஷன் அடைக்காது, கெடாது" என்று சொன்னால் நம்பாதீர்கள். அதன் பழுதுகள் வேறு மாதிரி, அவ்வளவுதான். முதல் சந்தேகம் எப்போதும் பேட்டரி மேல் விழ வேண்டும். ஸ்டார்ட்டர் சுற்றுகிற நேரத்தில் வோல்டேஜ் மிகவும் விழுந்தால் எஞ்சின் சுற்றும், பம்புக்கும் ஈசியுவுக்கும் மின்சாரம் போதாது, கிளம்பாது. அடுத்தது எர்த் ஒயரில் துரு, கனெக்டரில் ஈரம், குளிர்காலத்தில் ஷெட்டுக்குள் எலி கடித்த ஒயர். வண்டியை ஹை-பிரஷர் தண்ணீரால் கழுவும்போது ஈசியு பக்கமும் கனெக்டர்கள் பக்கமும் அடிக்கக் கூடாது. பிளேடை மூடியிருக்கும் டெக்கில் வெல்டிங் வைப்பதென்றால் முதலில் ஈசியு இணைப்பைக் கழற்ற வேண்டும்.

வழிதவற வைக்கும் பழுது ஒன்றும் இருக்கிறது. எக்ஸாஸ்ட் கேஸ்கெட் கசிந்தால் அந்த இடைவெளியில் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். சென்சாருக்கு ஆக்சிஜன் அதிகமாகத் தெரியும். ஈசியு "பெட்ரோல் போதவில்லை" என்று எண்ணி மேலும் மேலும் ஊற்றும். பிளக் கரியாகி, பெட்ரோல் செலவு ஏறும். இன்ஜெக்டரையும் சென்சாரையும் மாற்றிக்கொண்டிருப்பார்கள், பழுதோ ஒரு சின்ன கேஸ்கெட்.

எச்சரிக்கை விளக்கு உள்ள கோலர் எஞ்சின்களில் பழுதின் எண்ணை ஸ்கேனர் இல்லாமலே படிக்கலாம்: சாவியை வேகமாக ஆன்-ஆஃப், ஆன்-ஆஃப், ஆன் என்று திருப்பி, கடைசியில் ஆனிலேயே விட்டால் விளக்கு விட்டுவிட்டு மினுங்கும். மினுங்கும் எண்ணிக்கையை எழுதி வைத்துக் கையேட்டில் ஒப்பிடலாம். பம்பே போய்விட்டதென்றால் செலவு சில நூறு டாலர். கார்புரேட்டரில் அதே நிலைமைக்குக் கேஸ்கெட்டும் கிளீனரும் போதும், முழுக் கார்புரேட்டர் மாற்றினாலும் கட்டுப்படியாகும். பதினைந்து இருபது டாலருக்கு வரும் போலிகளில் ஜெட் துளை அளவு சரியாக இருப்பதில்லை. மாட்டினாலும் பழைய அசலைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள்.

குளிர்காலத்துக்கு வண்டியை நிறுத்தி வைக்கும் முறையில் இரண்டும் நேர் எதிர். இதைத் தெரியாமல் செய்வதால் கெடுபவை ஏராளம். பெட்ரோல் கெடாமல் காக்கும் நிலைப்படுத்தி எதுவாயினும் வாங்கிய அன்றே கேனில் கலக்க வேண்டும். ஸ்டா-பில் என்றால் 2.5 கேலனுக்கு ஒரு அவுன்ஸ், அதாவது 9.5 லிட்டருக்கு 30 மில்லி. பழசாகிப்போன பெட்ரோலில் கலந்தால் அது புதிதாகிவிடாது. கார்புரேட்டர் வண்டியில் கலந்த பெட்ரோலோடு பத்து நிமிடம் ஓடவிட்டு, வால்வை மூடி, தானே நிற்கும் வரை ஓட்டி, பவுலில் மிச்சத்தையும் வடித்துவிடுங்கள். இன்ஜெக்ஷன் வண்டியை அப்படிக் காயவிடக் கூடாது. பம்பைக் குளிர வைப்பதும் அதற்கு மசகாக இருப்பதும் பெட்ரோலேதான். நிலைப்படுத்தி கலந்த பெட்ரோலை டேங்க் நிறைய ஊற்றி, பத்து நிமிடம் ஓட்டி, பேட்டரியைச் சார்ஜ் குறையாமல் காக்கும் மெயின்டெய்னரில் போட்டுவிட்டு மூடி வையுங்கள்.

எத்தனாலைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அமெரிக்கப் பெட்ரோல் பங்க்குகளில் சாதாரணமாகக் கிடைப்பது 10 சதவீதம் எத்தனால் கலந்த இ10. எத்தனால் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். அரை சதவீதம் அளவு தண்ணீர் சேர்ந்ததும் எத்தனாலும் தண்ணீரும் தனியே பிரிந்து அடியில் படியும். ஒரு கேலன் கேனுக்கு அது வெறும் 19 மில்லி, நான்கு தேக்கரண்டி கூட இல்லை. உறிஞ்சுகுழாய் இருப்பது அடியில் என்பதால் எஞ்சினுக்கு முதலில் போவது அந்தக் கலவைதான். இ15 மலிவாக, அன்லெடட் 88 என்ற பெயரில் நிற்கும். லான் மோவரில் அதை ஊற்றுவது சட்டப்படியே கூடாது, பங்க்கின் பம்பில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எழுதியிருக்கும். எத்தனால் இல்லாத பெட்ரோல் கிடைக்கும் ஊரானால் வருடத்தின் கடைசி டேங்க்காவது அதுவாக இருக்கட்டும்.

தமிழ்நாட்டில் கல்லூரி மைதானத்துக்கோ ரிசார்ட்டுக்கோ இதே மோவர்களை இறக்குமதி செய்து வாங்குபவர்களுக்கு இது இன்னும் பெரிய விஷயம். இந்தியாவில் 2025-இல் பெட்ரோல் பங்க்குகளில் 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பொதுவாகிவிட்டது. இந்தச் சிறு எஞ்சின்களின் கையேடுகளோ பெரும்பாலும் 10 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்கின்றன. சுத்தமான பெட்ரோல் ஒரு கிராம் எரிய 14.7 கிராம் காற்று வேண்டும், இ20-க்குச் சுமார் 13.5 கிராம் போதும். ஜெட் அதே அளவில் இருக்க, எஞ்சினுக்குக் கிடைப்பது காற்று கூடிய கலவை. ஏற்கெனவே பட்டினியில் ஓடும் எஞ்சின் மேலும் சூடேறும், மேலும் ஏறி இறங்கும். ஆக்சிஜன் சென்சார் உள்ள இன்ஜெக்ஷன் இந்தக் குறையை ஈடுகட்டிவிடும். ரப்பர் குழாய்களையும் சீல்களையும் எத்தனாலிலிருந்து அதனால் காப்பாற்ற முடியாது. வாங்கும்போதே கையேட்டில் எத்தனால் வரம்பு எவ்வளவு என்று பார்த்துவிடுங்கள், குழாய்களை வருடத்துக்கு ஒரு தடவை விரலால் அழுத்திப் பாருங்கள், மெத்தென்று உப்பியிருந்தால் மாற்றுங்கள். 2,240 மீட்டர் உயரத்து ஊட்டியில் நிலைமை திரும்பிவிடும். அங்கே உயரத்தால் பெட்ரோல் கூடுகிறது, இ20-ஆல் குறைகிறது. உயரத்தின் கை ஓங்கியிருப்பதால் ஜெட்டை மாற்றும் முன் பிளக்கின் நிறத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

பழைய வண்டி வாங்கப் போகிறீர்கள் என்றால், விற்பவர் முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைக்காத வண்டியாகப் பாருங்கள். எஞ்சின் மேல் கை வைத்துக் குளிர்ச்சியாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளுங்கள். கார்புரேட்டர் என்றால் சோக் போட்டுக் கிளப்பி, சோக்கை முழுதும் திறந்த பின் ஐந்து நிமிடம் சத்தத்தைக் கேளுங்கள். ஏறி இறங்கினால் சுத்தம் செய்யும் செலவைப் பேரத்தில் கழித்துவிடலாம், அது பெரிய தொகை இல்லை. இன்ஜெக்ஷன் என்றால் சாவியை ஆன் செய்து பம்ப் முனகி அடங்குகிறதா, விளக்கு எரிந்து எஞ்சின் கிளம்பியதும் அணைகிறதா என்று பாருங்கள். விளக்கே எரியவில்லை என்றால் பல்பைக் கழற்றியிருக்கலாம். அந்த வண்டிக்கு முன்பணம் கொடுக்க வேண்டாம்.